இரண்டு முறிவு, ஒன்றுக்கு மட்டும் சிமெந்து: மலையகத்தில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

எலும்பு மெலிந்து அமுங்கிப்போன முள்ளெலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெந்து செலுத்தும் சிகிச்சைக்கு வேர்டிப்ரோபிளாஸ்டி என்று பெயர். அதைப் பெற்ற ஒரு பெண்ணின் கதை இது. மலையகத்தின் ஆதார வைத்தியசாலை ஒன்றின் மருத்துவ விடுதியில் அவரை முதலில் பார்த்ததும், சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேலாகக் கிளினிக்கில் பின்தொடர்ந்ததும் எங்கள் அணி. சிமெந்து வைத்தது வேறொரு பெரிய வைத்தியசாலையில். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டே எழுதுகிறேன்.

பின்னணி

எழுபதை நெருங்கும் வயது. நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் சும்மா இருந்தவர் இல்லை. பீலியில் தண்ணீர் பிடிப்பது, விறகு பொறுக்குவது, மகள் மலைக்குப் போன பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எடை 39 கிலோ. மாதவிடாய் நாற்பதைத் தாண்டியதுமே நின்றுவிட்டது.

பல வருடமாக இழுப்பு இருந்தது. அதற்கு எப்போதோ ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த பிரட்னிசலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசையை, அந்தப் பழைய துண்டைக் காட்டியே நகரத்துப் பாமசியில் வாங்கிக் குடித்து வந்திருக்கிறார். குடித்தால் மூச்சு லேசாகும், பசி எடுக்கும், உடம்பும் கொஞ்சம் தெம்பாக இருக்கும். விடுவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனால் அது எலும்பை மெலியவைக்கும் மருந்து. நாளுக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதம் தொடர்ந்து எடுத்தாலே எலும்புக்குப் பாதுகாப்பு மருந்து தேவையா என்று யோசிக்க வேண்டும். இவர் வருடத்தில் பாதிக்கு மேல் அந்த அளவில்தான் இருந்தார்.

முதுகில் கூன் விழுந்திருந்தது. கூடை சுமந்ததால் வந்த கூன் என்பதே வீட்டார் நினைப்பு. லயத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். சுமை தூக்கி நடப்பது எலும்பை மெலியவைப்பதில்லை, சொல்லப்போனால் உழைப்பு எலும்புக்கு நல்லது. மெலிந்துபோன எலும்பு பிறகு சின்னச் சுமையைக்கூடத் தாங்காது என்பது வேறு விஷயம். இந்தக் கூன் உண்மையில் ஒரு பழைய முறிவு. அப்போது அது யாருக்கும் தெரியாது.

வலி தொடங்கிய விதம்

தோட்டத்துப் பாதையில் முச்சக்கர வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது சில்லு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நடு முதுகுக்குக் கீழே மளுக்கென்று ஏதோ அமுங்கியது போல இருந்ததாம். விழவில்லை, அடிபடவில்லை. வீடு வந்து சேரும்போதே நிமிர முடியவில்லை.

அடுத்த நாள் தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி ஊசியும் குளிசையும் கொடுத்தார்கள். வீட்டில் எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் வைத்தார்கள். விழாத ஆளுக்கு எலும்பு உடைந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றாது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தோட்டத்தில் இடுப்பு வலி என்று வராத வயதான பெண்ணும் இல்லை. ஆனால் இந்த வலிக்கு ஒரு தனிக் குணம் இருந்தது. அசையாமல் படுத்தால் அடங்கும். புரண்டாலோ எழுந்தாலோ குத்தும். இரண்டு வாரம் அவர் காம்பராவில் படுக்கையிலேயே கிடந்தார். மலசலகூடத்துக்குக்கூட இரண்டு பேர் தூக்கித்தான் போகவேண்டும் என்ற நிலை வந்ததும், மகளும் மருமகனும் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

விடுதியில் கண்டது

உயரம் 142 சென்ரிமீற்றர். இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அளந்தால் 151. வாலிப வயதில் இந்த இரண்டு அளவும் பெரும்பாலும் அருகருகே இருக்கும், கை நீளம் வயதானாலும் குறைவதில்லை. ஆகவே கிட்டத்தட்ட ஒன்பது சென்ரிமீற்றர் முதுகில் எங்கோ போயிருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடையே என் ஒரு விரல்தான் நுழைந்தது. அளவு நாடாவும் விரலும் இருந்தால் எந்த டிஸ்பென்சரியிலும் செய்யக்கூடிய பரிசோதனைகள் இவை.

கால்களில் பலம் சரி, உணர்வு சரி, சலம் போவதில் தடையில்லை. இவற்றில் ஒன்று தவறியிருந்தால் கதை வேறு திசையில், மிக அவசரமாகப் போயிருக்கும்.

எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் அமுங்கியிருந்தன. எட்டாவது மார்பு முள்ளெலும்பு முன்பக்கம் பாதிக்கு மேல் இறங்கி ஆப்பு வடிவில் இருந்தது, படத்தைப் பார்த்ததும் கண் அங்கேதான் போகும். முதலாவது இடுப்பு முள்ளெலும்பில் மேல்தட்டு சற்றே உள்வாங்கியிருந்தது, அவ்வளவுதான்.

எலும்பு தானாக அமுங்கினால் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், என்று உடனே எழுதிவிடக் கூடாது. எலும்பு மச்சையில் வரும் புற்றுநோயான மயலோமா, வேறிடத்துப் புற்றுநோய் பரவியது, காசநோய் மூன்றையும் தள்ளிவைக்க வேண்டும். இவருக்குக் காய்ச்சல் இல்லை, நெஞ்சுப் படத்தில் காசநோய் அடையாளம் இல்லை, இரத்தத்தில் கல்சியம் அளவு சரி, புரதப் பரிசோதனையில் மயலோமாவுக்கான பட்டை இல்லை. இரத்தசோகை இருந்தது, அது இரும்புச்சத்துக் குறைவால் வந்தது.

முதல் இரண்டு வாரச் சிகிச்சை

பரசிட்டமோல் முழு அளவில், அதோடு கொடெயின் என்ற வலுவான வலி மருந்து, இடுப்புப் பட்டி, படுக்கையில் இருந்து எழுப்பிவிட இயன்மருத்துவர். இப்படிப்பட்ட முறிவுகளில் பெரும்பாலானவை ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். அதனால் தொடக்கம் எப்போதும் இதுதான்.

இவருக்கு அது பிடிபடவில்லை. கொடெயினில் மலச்சிக்கல் வந்தது, முக்கினால் வலி கூடியது, வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தார். வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எட்டு என்றார், ஆனால் அந்த எண்ணைவிட எனக்கு உதவியது வேறு. ரொட்டித் துண்டைப் படுத்தபடியே பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து சாப்பிட இரண்டு நிமிடம்கூட முடியவில்லை. மகள் தலையைத் தூக்கிப் பிடிக்க வந்தபோது, “வேணாம் புள்ள, அப்படியே விடு” என்றார். நான்காவது வாரத்தில் இடது நுரையீரலின் அடியில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஏற்கனவே இழுப்புக்காரர். படுக்கை இனி அவருக்கு ஆபத்து என்று அப்போது தெரிந்துவிட்டது. எலும்புக்கும் அப்படித்தான், படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் அது இன்னும் மெலியும்.

இன்னொரு சிக்கல். ஒஸ்டியோபொரோசிசுக்கு நாங்கள் முதலில் நாடும் அலென்ட்ரோனேற் குளிசையைக் குடித்துவிட்டுக் குறைந்தது அரை மணிநேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்னக்குழாய் புண்ணாகும். இரண்டு நிமிடம் உட்கார முடியாதவருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. அம்புலன்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, கினிகத்தேனை வளைவுகளில் மெதுவாக இறக்கச் சொல்லி அனுப்பினோம்.

எம்.ஆர்.ஐ. காட்டியது

இந்த நிகழ்வில் எல்லாம் திரும்பியது இந்த இடத்தில்.

எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தைக் காட்டும், அது எப்போது உடைந்தது என்று சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படத்தில், புதிதாக உடைந்த எலும்பின் மச்சை நீர் கோத்து வெள்ளையாகத் தெரியும். பழைய முறிவில் அந்த வெள்ளை இருக்காது. இவரது படத்தில், பார்க்கப் பயங்கரமாக இருந்த எட்டாவது மார்பு முள்ளெலும்பு அமைதியாக இருந்தது. எப்போதோ உடைந்து, ஆறி, கூனாக நின்றுவிட்ட எலும்பு அது. சற்றே உள்வாங்கியிருந்த முதலாவது இடுப்பு முள்ளெலும்புதான் பளீரென்று வெள்ளையாக இருந்தது. முதுகில் மூடிய கையால் மெல்லத் தட்டிப் பார்த்தபோதும் அந்த இடத்தில்தான் அவர் துடித்தார். பின்சுவர் உடையவில்லை, முண்ணாண் அழுத்தப்படவில்லை.

எக்ஸ்ரேயை மட்டும் நம்பிச் சிமெந்து வைத்திருந்தால், வலிக்காத எலும்பைக் கெட்டிப்படுத்திவிட்டு வலிக்கும் எலும்பை அப்படியே விட்டிருப்பார்கள். நோயாளி வலியோடு வீடு திரும்பியிருப்பார், சிகிச்சைக்குப் பலனில்லை என்று கிளினிக் கொப்பியில் ஒரு வரி ஏறியிருக்கும்.

சிமெந்து வைப்பதா வேண்டாமா

இந்தச் சிகிச்சை முதன்முதலில் 1984இல் பிரான்சின் அமியான் நகரில், கழுத்து முள்ளெலும்பில் இரத்தக்குழாய்க் கட்டி இருந்த ஒருவருக்குச் செய்யப்பட்டது. ஒஸ்டியோபொரோசிசுக்கு அது பிறகுதான் பரவியது, பரவிய வேகத்துக்கு ஆதாரம் ஈடுகொடுக்கவில்லை. 2009இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில், உண்மையாகச் சிமெந்து பெற்றவர்களுக்கும் ஊசி போடுவது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஏறத்தாழ ஒரே மாதிரிக் குறைந்தது. அந்த ஆய்வுகளில் பல மாதப் பழைய முறிவுகளும் சேர்ந்திருந்தன என்பது சிமெந்தை ஆதரிப்பவர்களின் வாதம். 2016இல் அவுஸ்திரேலியாவில் 120 பேரிடம் நடந்த ஆய்வு, முறிவு ஆறு வாரத்துக்கு உட்பட்டதாகவும் வலி பத்துக்கு ஏழுக்குக் குறையாமலும் இருந்தவர்களை மட்டும் எடுத்தது. அதில் சிமெந்து பாவனைச் சிகிச்சையை வென்றது. சரி, முடிந்தது என்று இருக்கும்போது 2018இல் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ஆய்வு, புதிய முறிவுகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது.

ஆக, முதுகு வலியோடு வரும் எல்லா முதியவருக்கும் இதைச் செய்வது வீண். மருந்துக்கு அடங்காத கடும் வலி, சமீபத்திய முறிவு, வலிக்கும் இடமும் படத்தில் தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது: இந்த மூன்றும் சேர்ந்தால் செய்யலாம் என்று பிரித்தானியாவின் நைஸ் அமைப்பு 2013இல் வழிகாட்டியது. இவருக்கு மூன்றும் இருந்தன, கூடவே படுக்கையால் வந்த நெஞ்சுச் சளி. இன்னும் சில வாரம் பொறுத்தால் வலி தானாக அடங்கியிருக்கலாம். அதற்குள் நுரையீரல் தாங்குமா என்பதே கேள்வி. தாங்காது என்று அங்கிருந்த அணியும் நாங்களும் நினைத்தோம்.

முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கி, அதன் பிறகு சிமெந்து விடும் கைஃபோபிளாஸ்டியும் பேசப்பட்டது. எலும்பு அதிகம் இறங்கவில்லை, பலூன் செலவும் கூட. வேண்டாம் என்று விட்டார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழ் பேசும் தாதி ஒருவர் குடும்பத்துக்கு விளக்கினார். மருமகனுக்கு ஒரே பயம்: “முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துருமாம், உண்மையாங்க சிஸ்டர்?” சிமெந்து பின்பக்கம் கசிந்து நரம்பை அழுத்தினால் அப்படி நடக்கலாம், மிக அரிது, அதனால்தான் படம் பார்த்துக்கொண்டே செய்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார்கள். நுரையீரலின் இரத்தக்குழாய்க்குச் சிமெந்துத் துணுக்கு போகலாம், கிருமி தொற்றலாம், பக்கத்து எலும்பு பிறகு உடையலாம் என்பதையும் சொன்னார்கள். நோயாளி கேட்டது ஒன்றுதான்: “உக்காந்து சாப்புட ஏலுமா ஐயா?”

சிகிச்சை நடந்த விதம்

காய்ச்சல் விட்டு, நெஞ்சு தெளிந்த பிறகு, வலி தொடங்கிய ஐந்தாவது வாரத்தின் இறுதியில் செய்தார்கள். குப்புறப் படுக்க வேண்டும் என்பதால் இழுப்புக்கான மருந்தை முதலில் கொடுத்து, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே மெத்தை வைத்தார்கள். முழு மயக்கம் இல்லை. லேசான தூக்கமருந்தும் தோலில் இருந்து எலும்பு வரை மரத்துப்போகும் ஊசியும் மட்டும்.

சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரத்தை நேராகவும் பக்கவாட்டாகவும் திருப்பிப் பார்த்து, முள்ளெலும்பின் இருபுறக் காம்பு வழியாக ஒவ்வொரு ஊசி இறக்கப்பட்டது. சிமெந்து என்பது பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக் பொருள். இடுப்பு மூட்டு மாற்றும்போது பயன்படுவதும் இதுவே. படத்தில் தெரிவதற்காக பேரியம் கலந்திருக்கும். தூளையும் திரவத்தையும் குழைத்தால் முதலில் தண்ணீராக இருக்கும், பிறகு பற்பசை பதத்துக்கு வரும். அந்தப் பதத்தில்தான் செலுத்த வேண்டும். முந்தினால் எலும்பை விட்டு வெளியே ஓடும், பிந்தினால் ஊசியில் இறுகிவிடும். மொத்தம் நான்கு மில்லிலீற்றர் அளவில், மேலேயுள்ள இடைத்தட்டுக்குள் சிறு கசிவு தெரிந்ததும் நிறுத்தினார்கள். எலும்பை நிரப்பியே தீரவேண்டும் என்ற ஆசை இந்த வேலையில் ஆகாது.

சில மணிநேரம் மல்லாக்கப் படுக்கவைத்தபின் மாலையில் உட்காரவைத்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டைக் கட்டில் விளிம்பில் அமர்ந்து சாப்பிட்டார். அடுத்த நாள் வலி மூன்று. நடைச்சட்டத்தைப் பிடித்து விடுதியின் கதவு வரை போய்வந்தார். கொடெயின் நிறுத்தப்பட்டது.

வீடு திரும்பிய பின்

எங்களிடம் திரும்பி வந்து சில நாள் இருந்தார். ஒரு பக்கமாக மரக்கட்டை போல உருண்டு கையை ஊன்றி எழுவது, முன்னால் குனிந்து எதையும் தூக்காமல் இருப்பது, முதுகை நிமிர்த்தும் பயிற்சி எல்லாவற்றையும் இயன்மருத்துவர் பழக்கிவிட்டார். வீட்டில் அடுப்பு தரையில் இருந்தது, மருமகன் கல் அடுக்கி அதை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். இஸ்தோப்பில் கைப்பிடி வைத்த கதிரை ஒன்று வந்தது. இழுப்புக்குக் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, ஸ்பேசரோடு இன்ஹேலர் பழக்கினோம். பல காலம் குடித்த பிரட்னிசலோனை ஒரே நாளில் நிறுத்தினால் ஆள் சுருண்டு விழக்கூடும், அதை வீட்டாருக்கு வற்புறுத்திச் சொன்னோம்.

இனி உட்கார முடியும் என்பதால் அலென்ட்ரோனேற் 70 மில்லிகிராம் வாரத்துக்கு ஒன்று, அத்தோடு கல்சியமும் விற்றமின் டி-யும் எழுதப்பட்டன. வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்பது பையில் எழுதியிருந்தது.

ஐந்தாவது மாதம்

மீண்டும் வலி. இம்முறை சற்று மேலே. பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பு, அதாவது சிமெந்து வைத்த எலும்புக்கு நேர் மேல் எலும்பு, அமுங்கியிருந்தது.

சிமெந்துதான் பக்கத்து எலும்பை உடைத்தது என்று மருமகன் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விதான். கெட்டியான எலும்பு பக்கத்து மெலிந்த எலும்பில் இடிக்கும் என்றும், இடைத்தட்டுக்குள் கசிவு இருந்தால் அது கூடும் என்றும் சொல்பவர்கள் உண்டு. மறுபுறம், சிமெந்தே வைக்காவிட்டாலும், முள்ளெலும்பு உடைந்த முதிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று உடைகிறது. இவருக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

குளிசை எப்படிக் குடிக்கிறார் என்று மகளிடம் கேட்டபோது ஒரு விஷயம் வெளியே வந்தது. காலை ஐந்து மணிக்கு முதல் பிளேன்டீயோடு, கல்சியம் குளிசையையும் சேர்த்து. வெறும் வயிறுதான், சொன்னபடியேதான் செய்திருக்கிறார்கள். லயத்தில் விடியற்காலைத் தேத்தண்ணியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலென்ட்ரோனேற் வெறும் தண்ணீரோடு குடித்தாலே மிகச் சிறிதளவுதான் உடம்பில் சேரும். தேத்தண்ணியும் கல்சியமும் கூட வந்தால் அதுவும் போய்விடும். ஐந்து மாதம் குளிசை குடித்தும், மருந்து சேர்ந்ததா என்பது சந்தேகம்.

இந்தப் புதிய முறிவுக்குச் சிமெந்து வைக்கவில்லை. வலி ஐந்து, உட்காரவும் நடக்கவும் முடிந்தது, ஒவ்வொரு வாரமும் குறைந்துகொண்டு வந்தது. முதல் தடவை சிமெந்து வேண்டும் என்று சொல்லவைத்த மருந்துக்கு அடங்காத கடும் வலியும் நெஞ்சுச் சளியும் இப்போது இல்லை. குடும்பத்தார் “திரும்ப அந்த ஊசியே போட்டுருங்க” என்று கேட்டார்கள், விளக்கிச் சொன்னதும் சரி என்றார்கள். பரசிட்டமோலும் பட்டியும் போதுமாக இருந்தன. குளிசைக்குப் பதிலாக, சிறுநீரகம் வேலை செய்யும் அளவையும் இரத்தக் கல்சியத்தையும் பார்த்துவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. தேத்தண்ணிக்கும் அதற்கும் பகையில்லை. ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். வந்தது, இரண்டு நாளில் போனது.

மாற்ற வேண்டியவை

டிஸ்பென்சரி மட்டத்தில், ஐம்பது தாண்டிய பெண்ணுக்குப் புரண்டால் குத்தும் முதுகு வலி திடீரென வந்தால், விழவில்லை என்றாலும் எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். உயரமும் கை விரிப்பும் அளப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்த இரண்டையும் எங்கள் பகுதித் தோட்ட மருத்துவ உதவியாளர்களோடு பேசியிருக்கிறோம். ஆர்வம் இருக்கிறது, எவ்வளவு நிலைக்கும் என்று பார்க்க வேண்டும். பழைய துண்டுக்கு ஸ்டீரோயிட் கொடுக்கும் பாமசிகளை என்ன செய்வது என்பது எங்கள் கைக்கு மீறியது.

எம்.ஆர்.ஐ.க்கான வேண்டுகோளை, மருந்து தோற்கும் வரை காத்திராமல், எக்ஸ்ரேயில் ஒன்றுக்கு மேற்பட்ட முறிவு தெரிந்த அன்றே எழுதுவது என்று விடுதியில் முடிவெடுத்தோம். வரிசை நீளம். அதில் பெயர் இருந்தால், தேவைப்படும்போது இடம் கிடைக்கும். தேவையில்லாவிட்டால் இரத்து செய்வது ஒரு தொலைபேசி அழைப்பு.

எலும்பு மருந்து கொடுக்கும்போது இப்போது கேட்கும் கேள்வி, காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன குடிப்பீர்கள், அதை ஊற்றுவது யார் என்பது. அந்த ஆளை அழைத்து, குளிசை முதலில் ஒரு பெரிய கோப்பை தண்ணீரோடு, தேத்தண்ணி அரை மணிநேரம் கழித்து, கல்சியம் இராச்சாப்பாட்டோடு என்று தமிழில் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். வாரத்தில் எந்த நாள் என்பதையும் வீட்டாரே தேர்ந்தெடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பவர்கள் அதிகம், விரதம் இருப்பார்களாம்.

இன்றைய நிலை

சிகிச்சை முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு புதிய முறிவு இதுவரை இல்லை. கூன் அப்படியே இருக்கிறது, உயரம் 141. தண்ணீர் தூக்குவதில்லை, அது பேரனின் வேலை ஆகிவிட்டது. இழுப்புக்கு பிரட்னிசலோன் ஒரு தடவை மட்டும், ஐந்து நாளுக்கு, விடுதியில் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சொலெட்ரோனிக் ஊசிக்கான திகதி கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது, மகளின் கைபேசியிலும் இருக்கிறது.